பெப்டைடு மருந்து: காரைக்குடி வட்டாரத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் பக்கம் உரக்கடை வாசலிலும் கண்மாய்க் கரையிலும் கொஞ்ச நாளாக ‘பெப்டைடு’ என்ற பேச்சு அடிபடுகிறது. ரசாயன மருந்துக்கு மாற்றாம், நோய் வராதாம், மண் கெடாதாம். பாதி உண்மை, பாதி விற்பனைப் பேச்சு. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில். இங்கே விளைகிற நெல், கடலை, மிளகாய், கத்தரி, தக்காளியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

பெப்டைடு என்றால் என்ன?

பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. மொத்தம் 20 வகை அமினோ அமிலங்கள். அவற்றை வரிசையாகக் கோத்தால் சங்கிலி. சங்கிலி நீளமாக இருந்தால் புரதம், குட்டையாக, ஏறக்குறைய 50 கண்ணிக்குள் இருந்தால் பெப்டைடு. இந்த எல்லைக்கோடு கறாரானது இல்லை. ஆய்வாளர்களே 60, 70 கண்ணி உள்ளதையும் பெப்டைடு என்றுதான் சொல்கிறார்கள்.

பெயர்தான் புதிது, பொருள் பழையது. மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி 9 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51. தேனீ கொட்டினால் எரிகிறதே, அதற்கு முக்கியக் காரணமான மெலிட்டின் 26.

செடிகளும் தமக்கு வேண்டிய பெப்டைடைத் தாமே செய்துகொள்கின்றன. முள்ளங்கி விதை முளைக்கும்போது அதன் தோல் கிழிகிற இடத்தில் ‘டிஃபென்சின்’ என்ற பெப்டைடு கசிந்து வெளியே வருகிறது. மண்ணில் இருக்கும் பூஞ்சை அந்தப் பிஞ்சு முளையைத் தொடாமல் சுற்றிலும் ஒரு காவல் வட்டம் போட்டுவிடுகிறது. யாரும் விதைநேர்த்தி செய்யாமலே நடக்கிற விதைநேர்த்தி இது. ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலிலிருந்து ‘மகைனின்’ என்ற பெப்டைடை 1987ல் மைக்கேல் சாஸ்லாஃப் பிரித்தெடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் குழு ஒரு பட்டுப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவில் ‘செக்ரோபின்’ கண்டுபிடித்திருந்தது. இந்த மாதிரி இயற்கைப் பெப்டைடுகளைப் பயிர் நோய்க்குத் திருப்பிவிட முடியுமா என்பதுதான் இப்போது நடக்கும் ஆராய்ச்சி.

அது நோய்க்கிருமியை எப்படிக் கொல்கிறது?

பெரும்பாலான பெப்டைடுகள் நேர்மின் தன்மை உள்ளவை. பாக்டீரியாவின் வெளிச்சவ்வும் பூஞ்சையின் மேற்பரப்பும் எதிர்மின் தன்மை உள்ளவை. அதனால் பெப்டைடு தானாகப் போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் சவ்வுக்குள் நுழைந்து ஓட்டை போடுகிறது, உள்ளே இருப்பது கசிந்து கிருமி சாகிறது. மனிதன், மாடு ஆகியவற்றின் செல்களுக்கு வெளிப்பக்கம் அப்படி மின்னேற்றம் கிடையாது என்பதால் ஒட்டுவது குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், அறவே இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொரு வகை, கிருமியைத் தொடுவதே இல்லை, செடியை உசுப்பிவிடுகிறது. பாக்டீரியா நீந்த உதவும் வாலில் 22 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு உண்டு. அதை மட்டும் தனியாக இலையில் வைத்தாலே செடி ‘கிருமி வந்துவிட்டது’ என்று எண்ணித் தன் பாதுகாப்பு வேலைகளைத் தொடங்கிவிடும். இந்த வகை மருந்துகளை நோய் வருவதற்கு முன்னால் கொடுத்தால்தான் பலன். வந்தபின் கொடுத்தால் காசுதான் போகும்.

இப்போது அடிக்கிற மருந்தே கேட்கிறதே, இது எதற்கு?

கேட்கிறது, ஆனால் எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. கார்பென்டசிம் மாதிரியான மருந்து பூஞ்சையின் ஒரே ஒரு புரதத்தைப் பிடித்து வேலை செய்கிறது. அந்தப் புரதத்தில் ஓர் இடம் மாறினால் போதும், மருந்து அடித்தாலும் பூஞ்சை நிற்கும். அசாக்ஸிஸ்ட்ரோபின் வகை மருந்துகள் 1996ல் சந்தைக்கு வந்தன. இரண்டே ஆண்டில், 1998ல், ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோய்ப் பூஞ்சை அதற்கு அடங்க மறுத்துவிட்டது. நம் ஊரில் வாரா வாரம் ஒரே மருந்தை மாற்றாமல் அடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, விளைச்சலில் தங்கிவிடும் மருந்து எச்சம். நெல் குலை நோய்க்கு நாம் தாராளமாக அடிக்கிற ட்ரைசைக்ளசோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் அரிசியில் அனுமதிக்கும் அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01க்கு இறக்கியது. பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் அலறினார்கள். நம் பொன்னி கப்பல் ஏறவில்லைதான். ஆனாலும் அதே சோற்றைத்தானே நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

மூன்றாவது, ஸ்ட்ரெப்டோசைக்ளின். பாக்டீரியா இலைக் கருகலுக்கு என்று சின்னப் பொட்டலமாக விற்ற மருந்து. உள்ளே இருப்பது மனிதர்களுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கேதான். வயலில் அதைத் தெளித்துத் தெளித்துக் கிருமிகளைப் பழக்கிவிட்டால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் காசநோய்க்குக் கொடுக்கும் மருந்து கேட்காமல் போகலாம். அதனால்தான் விவசாயத்தில் அதன் பயன்பாட்டை நிறுத்தும் நடவடிக்கையை மத்திய அரசு 2021ல் தொடங்கியது. அது போன இடத்தில் வைக்க நல்ல மாற்று இன்னும் வரவில்லை. பெப்டைடுக்கு உண்மையான தேவை இருக்கிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காரைக்குடி உரக்கடையில் போய் “பெப்டைடு மருந்து கொடுங்கள்” என்று கேட்டால் கிடைக்குமா?

நெல் குலை நோய்க்கு, மிளகாய்ப் பழ அழுகலுக்கு என்று சுத்தமான பெப்டைடை மட்டும் அடைத்த பாட்டிலை நம் கடைகளில் எதிர்பார்க்காதீர்கள். கடைக்காரர் எடுத்து நீட்டினால் அது அநேகமாக வேறு ஏதோ ஒன்று. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வெளிநாடுகளில் சில வந்துவிட்டன. போர்ச்சுகல்காரர்கள் இனிப்பு லூபின் என்ற பயறின் முளைவிட்ட விதையிலிருந்து ‘பிளாட்’ என்ற புரதச் சங்கிலியை எடுத்தார்கள். பெப்டைடை விட நீளமானது, ஆனால் அதே குடும்பத்து வேலை. ஸ்ட்ராபெர்ரி, திராட்சைச் சாம்பல் நோய்களுக்கு அமெரிக்காவில் அது பதிவு பெற்று விற்பனையானது. நாம் முளைகட்டிய பயறைச் சுண்டலாகத் தின்றுவிட்டுப் போகிறோம், அவர்கள் அதில் மருந்து எடுத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற பசுமையாதல் நோய்க்கு, அந்த நோய் தாக்காத ஆஸ்திரேலிய விரல் எலுமிச்சையிலிருந்து 67 அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடை ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் ஹைலிங் ஜின் என்ற பேராசிரியர் குழு கண்டெடுத்தது. வெயிலிலும் சூட்டிலும் சிதையாமல் நிற்பது அதன் சிறப்பு. நம் வெயிலை நினைத்தால் அந்த ஒரு குணத்துக்காகவே கவனிக்க வேண்டிய சரக்கு.

சரி, நமக்கு இன்றைக்குக் கிடைப்பது என்ன? பெப்டைடு செய்கிற பாக்டீரியாவே கிடைக்கிறது: பேசில்லஸ் சப்டிலிஸ். இந்த உயிர் மூன்று வகை லிப்போபெப்டைடுகளைச் சுரக்கிறது. சர்ஃபாக்டின், இட்டூரின், ஃபெஞ்சைசின். பெப்டைடு வளையத்தோடு ஒரு கொழுப்பு வால் சேர்ந்திருப்பதால் அந்தப் பெயர். இட்டூரினும் ஃபெஞ்சைசினும் பூஞ்சையின் சவ்வைப் பிய்க்கின்றன. சர்ஃபாக்டின் சோப்பு மாதிரி இலையில் பரவ உதவுவதோடு செடியின் எதிர்ப்பையும் தூண்டிவிடுகிறது. உலகம் முழுக்க விற்கும் செரனேடு என்ற மருந்தில் இருப்பது இந்தக் குடும்பத்து பாக்டீரியாதான், கலிஃபோர்னியாவில் ஒரு பீச் தோட்டத்து மண்ணில் கிடைத்தது. ஆக, பாட்டிலில் பெப்டைடு வாங்க முடியாவிட்டாலும், அதைச் செய்கிற ஆளை இலைக்கே அனுப்பிவைக்கலாம்.

சூடோமோனாஸும் அதேதானா?

இல்லை. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற பாக்டீரியாவும் நல்ல சரக்கு, விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் என்று காலங்காலமாகப் பரிந்துரையில் இருப்பது. ஆனால் அது பெரும்பாலும் வேறு வகை வேதிப்பொருட்களை வைத்துத்தான் பூஞ்சையை அடக்குகிறது, இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது. இன்னொரு வித்தியாசம், பேசில்லஸ் வித்தாக மாறி உறங்கும், சூட்டைத் தாங்கும். சூடோமோனாஸ் வித்து உருவாக்காது. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்த சூடோமோனாஸ் பொட்டலத்தில் உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எதை வாங்கினாலும் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலையைப் பிறகு பேசலாம்.

பேசில்லஸை எப்படி அடிப்பது? அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லையே?

“ஒன்றும் கேட்கவில்லை” என்று சொல்கிறவர்களிடம் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் இந்தக் காரணங்களில் ஒன்று வெளியே வரும்.

முதல் காரணம் நேரம். காலை பத்து, பதினோரு மணிக்கு வெயில் ஏறியபின் அடித்திருப்பார்கள். புற ஊதாக் கதிர் பெப்டைடையும் சிதைக்கும், பாக்டீரியாவையும் கொல்லும், இலையில் விழுந்த ஈரமும் சட்டென்று காய்ந்துவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள். இரவு முழுக்க இலையில் ஈரம் நிற்கும். பூஞ்சை வித்து முளைப்பதும் அந்த ஈரத்தில்தான், நம் ஆளும் அதே ஈரத்தில் வேலையைத் தொடங்குவான்.

இரண்டாவது, தாமதம். நம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி நேரடியாக விதைத்த நெல் மார்கழிப் பனியில்தான் குலை நோய்க்கு மாட்டும். பகல் இதமாக, இரவு குளிராக, காலையில் இலை நுனியெல்லாம் பனித்துளி. அந்த வாரம்தான் ஆபத்து. இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று தெளிவாகத் தெரிந்தபின் பேசில்லஸ் அடித்தால் அந்தப் புள்ளி ஆறாது. அது முன்கூட்டிக் காவல் காக்கிற மருந்து. பனி தொடங்கும்போதே ஒரு தெளிப்பு, பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு இன்னொன்று. கதிர் வெளிவரும் சமயத்தில் கழுத்துக் குலை வந்தால் மணி பதராகிவிடும், அதனால் அந்தக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, கலவை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்த அதே டேங்கைக் கழுவாமல் இதையும் ஊற்றுவது. தாமிரம் பாக்டீரியாவைக் கொல்லத்தான் இருக்கிறது, நல்ல பாக்டீரியா கெட்ட பாக்டீரியா என்று பார்க்காது. ஆன்டிபயாடிக் மருந்தோடு கலப்பதும் அப்படியே. தனி டேங்க் வைத்துக்கொள்வது உத்தமம்.

நான்காவது யாரும் யோசிக்காதது: தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடினத் தண்ணீரில் நேர்மின் பெப்டைடுகளின் வேகம் குறையும், ஏனென்றால் அந்த உப்புகள் முதலில் போய்க் கிருமியின் சவ்வில் உட்கார்ந்துகொள்கின்றன. ஆழ்துளைத் தண்ணீர் உப்புக் கரிக்கிற இடங்களில் கண்மாய்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். வீட்டு நடுவில் முற்றம் வைத்து, நாலு பக்கக் கூரைத் தண்ணீரையும் அண்டாவில் பிடித்த ஊர் இது. பத்து டேங்க் தண்ணீர் பிடிப்பதா நமக்குக் கஷ்டம்?

கரைக்கும் முறை: டால்க் பவுடர் சரக்கை நேரே டேங்கில் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, அரைமணி ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு, வயல் நடுவில் நின்று குச்சியால் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். அளவு பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும், ஒரு கிராமில் எத்தனை உயிர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அச்சிட்ட அளவையே பின்பற்றுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும்.

பூஞ்சையா பாக்டீரியாவா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இது தெரியாமல் எந்த மருந்து அடித்தாலும் குருட்டு வேலைதான். ஒரு கண்ணாடி டம்ளர் போதும். கத்தரியோ தக்காளியோ பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடி நிற்கிறது என்றால், தண்டை அடியில் அறுத்து, ஒரு விரல் நீளத் துண்டை டம்ளரில் இருக்கும் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் முங்கும்படி அசையாமல் தொங்கவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டிய முகத்திலிருந்து மெல்லிய பால் நூல் ஒன்று கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். நூல் இறங்காமல் தண்டுக்குள் பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் பூஞ்சை வாடல் என்று சந்தேகப்படலாம்.

நெல்லில் இலை ஓரத்திலிருந்து அலை அலையாக வைக்கோல் நிறத்தில் காய்ந்து வந்தால் பாக்டீரியா இலைக் கருகல். அந்த இலையையும் வெட்டி இதே டம்ளர் சோதனை செய்யலாம். மிளகாய்ப் பழத்தில் குழிந்த புள்ளி, அதற்குள் வட்டம் வட்டமாகக் கருப்புப் புள்ளிகள் என்றால் பூஞ்சை. கடலை இலையில் கரும்புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் டிக்கா, அதுவும் பூஞ்சைதான்.

பேசில்லஸின் இட்டூரின், ஃபெஞ்சைசின் இரண்டும் பூஞ்சைக்குத்தான் எமன். பாக்டீரியா நோயில் அதன் பலன் மட்டு. விதைநேர்த்தி, வடிகால், தழைச்சத்தைக் குறைத்துப் போடுவது, இதெல்லாம் அங்கே அதிகம் உதவும். யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு இலைக் கருகலுக்கு மருந்து தேடுகிற வழக்கத்தை முதலில் விட வேண்டும்.

மஞ்சள் தேமல், இலைச்சுருட்டு வைரஸுக்குக் கேட்குமா?

கேட்காது. உளுந்து மஞ்சள் தேமலும் மிளகாய் இலைச்சுருட்டும் வெள்ளை ஈ கொண்டுவருவது. ஈயைப் பாருங்கள், நோய் வந்த செடியைப் பிடுங்குங்கள், எதிர்ப்பு ரகம் போடுங்கள். “வைரஸைக் கொல்லும் பெப்டைடு” என்று யாராவது விற்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் அமிலம், பஞ்சகவ்யா, புளித்த மோர்: இதிலெல்லாம் பெப்டைடு இருக்கிறதே?

இருக்கிறது. மீன் கழிவும் வெல்லமும் நொதிக்கும்போது மீன் புரதம் உடைந்து பெப்டைடாகவும் அமினோ அமிலமாகவும் மாறத்தான் செய்கிறது. ஆனால் பெப்டைடு என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. வரிசை மாறினால் குணம் மாறும். மீன் அமிலத்தில் இருப்பவை கண்டபடி உடைந்த துண்டுகள், செடிக்கு நல்ல ஊட்டம், இலை பச்சை கொடுக்கும். குலை நோய்ப் பூஞ்சையின் சவ்வைப் பிய்க்க வேண்டும் என்று வடிவமைந்தவை அல்ல.

மோர் கொஞ்சம் சுவாரசியமானது. பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் சில வகைகள் ‘நைசின்’ என்ற 34 அமினோ அமிலப் பெப்டைடைச் சுரக்கின்றன. 1928லேயே கவனித்த விஷயம். இன்றைக்குப் பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க உலகம் முழுக்கச் சேர்க்கிறார்கள். அப்படியானால் மோர் தெளித்தால் இலைக் கருகல் போய்விடுமா? அங்கேதான் சிக்கல். நைசின் கேட்பது கிராம் பாசிட்டிவ் என்ற வகை பாக்டீரியாவுக்கு. நெல் இலைக் கருகலும் கத்தரி வாடலும் கிராம் நெகட்டிவ் வகை. அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, நைசின் அதைத் தாண்டுவதில்லை.

ஆனால் சாம்பல் நோய்க்குப் பால் தெளிப்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. பிரேசிலில் சுரைக்காய்க் குடும்பத்துச் செடியில் தண்ணீரில் கலந்த பாலைத் தெளித்துச் சாம்பல் நோய் கட்டுப்பட்டதை 1999ல் ஆய்வாக வெளியிட்டார்கள். எனவே புடலை, பாகல், வெண்டையில் வெள்ளைப் பொடி படிந்தால் மோரும் பாலும் முயன்று பார்க்கலாம். தேமோர்க் கரைசலைப் பூப்பிடிக்க அடிக்கிறவர்கள் தாராளமாக அடியுங்கள். அதை நோய் மருந்து என்று மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

“அமினோ பெப்டைடு” என்று பளபளவென்று ஒரு பாட்டில் விற்கிறார்களே, அது?

பெரும்பாலும் புரதத்தைக் கரைத்துத் தயாரித்த ஊக்கி. சோயா மாதிரி ஏதாவது ஒரு புரதம் மூலப்பொருளாக இருக்கும். இவை 2021லிருந்து உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் ‘உயிர் ஊக்கி’ என்ற பிரிவில் வருகின்றன. உர வகையில் பதிவான சரக்கு நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கக் கூடாது. நோய் மருந்து என்றால் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்திய பதிவுக் குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணங்கள் கொண்ட சதுரம் இருக்க வேண்டும். பேசில்லஸ் மாதிரி உயிர் மருந்துக்கும் இது பொருந்தும்.

ஆகவே கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு எண் எங்கே? எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு என்று அச்சாகியிருக்கிறது? பில் கொடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கே பல பேர் முகம் மாறிவிடும்.

பெப்டைடு இயற்கைப் பொருள்தானே, பயமில்லாமல் அடிக்கலாமா?

இயற்கை என்ற சொல்லுக்கு நான் மயங்குவதில்லை. ஆளைக் கொல்லும் ஒரு வகைக் காளானின் நஞ்சு 8 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடுதான். மெலிட்டின் சிவப்பணுக்களையே உடைக்கும். ஒவ்வொரு பெப்டைடையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

பொதுவாகச் சொன்னால், பயிருக்கென்று தேர்ந்தெடுக்கும் பெப்டைடுகள் வயிற்றுக்குள் போனால் பருப்புப் புரதம் மாதிரி செரித்துவிடும். மண்ணில் நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும், ஆண்டுக்கணக்கில் தங்காது. தங்காமல் இருப்பது நல்ல குணம், அதுவே பலவீனமும் கூட. பேசில்லஸ் பொடியை மூக்கில் இழுத்தால் ஒவ்வாமை வரலாம். அதனால் துண்டையாவது முகத்தில் கட்டிக்கொண்டு கரையுங்கள்.

கிருமி இதற்கும் பழகிவிடாதா?

பழகும், ஆனால் மெதுவாக. ஒரு புரதத்தில் ஓர் இடத்தை மாற்றுவது கிருமிக்குச் சுலபம். முழுச் சவ்வின் அமைப்பையே மாற்றுவது கடினம், மாற்றினாலும் அதற்கே பலவீனம். ஆனாலும் சில பாக்டீரியாக்கள் தம் சவ்வின் மின்னேற்றத்தைக் குறைத்துக்கொள்கின்றன, சில பெப்டைடை வெட்டும் நொதியைச் சுரக்கின்றன. ஆக, இதையும் மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் இன்னும் வரவில்லை?

காசுதான் காரணம். ஆய்வகத்தில் அமினோ அமிலத்தை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்தால் மனித மருந்துக்குக் கட்டுப்படியாகும், ஏக்கர் கணக்கில் தெளிக்கக் கட்டுப்படியாகாது. இதற்கு வழி, ஈஸ்டுக்கோ பாக்டீரியாவுக்கோ அந்தப் பெப்டைடைச் செய்யும் மரபணுவைக் கொடுத்துப் பெரிய தொட்டியில் நொதிக்க வைப்பது. இன்சுலினை அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கிருமியைக் கொல்லும் பெப்டைடு சில சமயம் தன்னைச் செய்கிற பாக்டீரியாவையே கொன்றுவிடும். அதற்குச் சுற்றுவழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் நிலைத்து நிற்பது. இலையின் மேலேயே புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன, வெயில் இருக்கிறது, மழை கழுவுகிறது. சங்கிலியின் இரு முனையையும் இணைத்து வளையமாக்குவது, நுண்துகளுக்குள் பொதிந்து கொடுப்பது என்று முயற்சிகள் நடக்கின்றன. குட்டையாக்குவதும் ஒரு வழி. ஸ்பெயினில் ஜிரோனா பல்கலைக்கழகத்தார் செக்ரோபினையும் மெலிட்டினையும் கலந்து 11 அமினோ அமிலத்திலேயே வேலை செய்யும் ஒன்றை உருவாக்கினார்கள். குட்டை என்றால் செலவு குறைவு.

செடிக்குள்ளேயே பெப்டைடு மரபணுவை வைத்துவிடலாமே?

வைத்திருக்கிறார்கள். குதிரைமசால் விதையின் டிஃபென்சின் மரபணுவை உருளைக்கிழங்கில் சேர்த்து, வயலிலேயே வாடல் நோயைத் தாங்கியதை 2000ல் அமெரிக்காவில் காட்டினார்கள். இந்தியாவில் விவசாயிகள் சாகுபடி செய்யும் மரபணு மாற்றுப் பயிர் 2002ல் வந்த பிடி பருத்திதான், பிடி கத்தரியை 2010ல் நிறுத்தி வைத்தார்கள். ஆகவே இந்த வழி நம் வயலுக்கு வருவதற்குக் கொள்கை முடிவுகள் நிறைய மாற வேண்டும்.

“மாடியில் நாலு தொட்டி கத்தரி வைத்திருக்கிறேன், எனக்கு என்னப்பா வழி?” (ஓர் ஆச்சியின் கேள்வி)

ஆச்சி, உங்களுக்கு மருந்தே வேண்டாம். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிப் போடுங்கள், சாயங்காலம் இலை மேல் தண்ணீர் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். மண் கலக்கும்போது டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை ஒரு கைப்பிடி எருவோடு சேருங்கள். சாம்பல் நோய் வந்தால் மோர் இருக்கவே இருக்கிறது.

ரசாயனத்தை அடியோடு விட்டுவிடலாமா?

ஒரே பருவத்தில் விடச் சொல்ல மாட்டேன். கதிர் வரும் நேரத்தில் கழுத்துக் குலை பரவத் தொடங்கிவிட்டது, மூன்று நாள் மூடுபனி என்று செய்தி சொல்கிறது என்றால் பரிந்துரைத்த பூஞ்சைக்கொல்லியை ஒருமுறை சரியான அளவில் அடித்துப் பயிரைக் காப்பாற்றுங்கள். ஆனால் விதைநேர்த்தி, நாற்றங்கால், பனி தொடங்கும் வாரம் ஆகிய மூன்று இடத்திலும் உயிர் மருந்தை முதலில் வையுங்கள். அப்படிச் செய்தால் ரசாயனத் தெளிப்பு தானாகக் குறையும். அரை ஏக்கரில் மட்டும் முதல் ஆண்டு செய்து, பக்கத்து அரை ஏக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தவர் சொல்லி நம்புவதைவிட அது மேல்.

இலையை யாரிடம் காட்டுவது?

குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. உளுந்து, பயறு என்றால் புதுக்கோட்டைப் பக்கம் வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையம். இல்லாவிட்டால் உங்கள் ஒன்றியத்து வேளாண் விரிவாக்க மையம்.

போகும்போது காய்ந்து கருகிய இலையை எடுத்துப் போகாதீர்கள், அதில் நோய்க்கிருமிக்குப் பதிலாக அதைத் தின்ன வந்த வேறு பூஞ்சைதான் இருக்கும். புள்ளி இப்போதுதான் பரவ ஆரம்பித்த இலை, பாதி பச்சை பாதி நோய் என்று இருப்பது நல்லது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள். வாடல் நோய் என்றால் வேர் மண்ணோடு முழுச் செடி வேண்டும். என்ன ரகம், எப்போது விதைத்தது, கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.